என் கிருமியும் ஷீபாவின் டப்பாவும்

1

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். அஸ்தினாபுரத்தில் நம் நகர் நலச்சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது கொடு என்று செயலாளர் குமார் போனில் கேட்டபோது, முடியாது என்றுதான் சொன்னேன். குமார் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அவன் விடவில்லை.

"வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி ரெண்டு பக்கம் குடுடா. பனி பெய்றத எழுது. சம்பளத்த மட்டும் எழுதாத, இங்க நாலு வூட்ல சண்டை வரும்," என்றான்.

பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நான் இருக்கும் ஊரில் பனியைவிட மழைதான் அதிகம். அதுவும் நம் ஊர் மழை மாதிரி தெருவில் முழங்கால் அளவு நிற்காது. சட்டையை நனைத்துவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான்.

நான் காசநோய் மாத்திரையை நிறுத்தி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அதுதான் வருகிறது. மலரில் போடத் தயக்கமாக இருந்தால் குமார் இதை எடுத்துவிடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். இந்த நோயின் பெயரை வீட்டு வாசலைத் தாண்டிச் சொல்லாமல் இருப்பது நம் வழக்கம். நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான்.

2

பள்ளி முடித்ததும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாத்திரங்களில் பேர் வெட்டும் வேலை. குரோம்பேட்டையில் ரயில் ஏறி தாம்பரத்தில் இறங்குவேன். நடுவில் ஒரே ஸ்டேஷன், சானடோரியம்.

அந்தக் காலத்தில் அந்த வழியாகப் போன என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். வண்டி சானடோரியத்தில் வேகம் குறைந்ததும் நாங்கள் நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பக்கத்தில் காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டேஷனுக்கே அதன் பெயர்தான், அங்கிருந்து காற்று வரும், உள்ளே இழுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. வண்டி மறுபடி வேகம் எடுத்த பிறகுதான் மூச்சு விடுவோம். முதலில் விட்டவன் தாம்பரத்தில் டீ வாங்கித் தர வேண்டும். நான் ஒரு நாளும் தோற்றதில்லை. கூச்சக்காரனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம்.

அப்போது நான் ரொம்ப ஒல்லி. கடை முதலாளி, "உன்ன ஊதினா நேரா சானடோரியத்துல பெட்டுல போய் விழுவ," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பேர் வெட்டுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பென்சில் மாதிரி ஒரு மிஷின், அதன் முனை அதிர்ந்துகொண்டே இருக்கும். புள்ளி புள்ளியாக எழுத்து விழும். ஒரே பெயரை ஒரு கல்யாண வீட்டுக்காக நூறு பாத்திரத்தில் வெட்டினாலும் எங்காவது ஒரு புள்ளி தள்ளி விழும். ஒருவன் சுழியைப் பெரிதாக இழுப்பான், இன்னொருவன் காலைக் குட்டையாக நிறுத்துவான். விசேஷ வீட்டில் பாத்திரங்கள் கலந்துபோய், ஒரே பெயருள்ள இரண்டு வீட்டார் கடைக்கு வந்து நின்றால், அந்தப் பிசகைப் பார்த்துத்தான் இது எங்கள் கடையில் வெட்டியது, இது வேறு கடை என்று பிரித்துக் கொடுப்போம். இது பெரிய வித்தை இல்லை. அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

3

என் மனைவி கலா நர்ஸ். வேலை கிடைத்து அவள் முதலில் இங்கே வந்தாள். பின்னாலேயே நானும் கைக்குழந்தையாக இருந்த மகள் இனியாவும் வந்தோம். எனக்கு ஊருக்கு வெளியே ஒரு ரொட்டி ஆலையில் வேலை. தட்டு அடுக்குவது, கழுவுவது. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை, அதனால் பிடித்துப்போனது.

மூன்று வருடங்களுக்கு முன் அதே ஆலையில் சாண்ட்விச் கட்டும் பகுதிக்கு ஷீபா சேர்ந்தாள். கேளம்பாக்கத்துப் பெண். கணவன் ஜெரால்டு பார்சல் வண்டி ஓட்டுகிறான். இரண்டு பேரும் முதலில் வேறு ஊரில், பல பேர் சேர்ந்து தங்கும் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்துவிட்டு, பிறகு எங்கள் தெருவுக்கு வந்தவர்கள். ஷிஃப்டுக்குப் போகும் நேரத்தில் பஸ் கிடையாது. அதனால் தினமும் என் காரில்தான் வருவாள். போக அரை மணி, வர அரை மணி. அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

"அண்ணா, நீங்க எதுனா பேசினாதான் நான் நிறுத்துவேன். இல்லன்னா நான் இப்டியே பேசிக்கினே இருப்பேன்," என்பாள்.

"நீ பேசும்மா," என்பேன். அன்றைக்கு நான் பேசியதே அதுவாகத்தான் இருக்கும்.

வாரத்தில் ஓரிரு நாள் ஒரு சில்வர் டப்பாவில் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வருவாள். மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். யாரோ அவசரக்காரன் வெட்டியது, 'பா'வின் கால் சாய்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டேன். நம் வீடுகளில் டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோமே, அதனால் கலா அதில் ஏதாவது போட்டு அனுப்புவாள். ஒரு முறுக்காவது இருக்கும்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார், பிறகு இன்னொன்று. நிற்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது, தினமும் சானடோரியத்தைத் தாண்டிப் போய்வந்தவனுக்கு அந்த நோய் வராமல் இருக்குமா என்று. யாரிடமும் சொல்லாமல் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். நானே கழுவி, அலமாரியில் கடைசித் தட்டில் கவிழ்த்து வைப்பேன். என்னால் முடிந்த பாதுகாப்பைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தக் குளிரில் கார்க் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஷீபாவோடு தினமும் ஆலைக்குப் போய் வந்தேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

4

நோய் உறுதியான அன்று கலா என் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது எப்பலேர்ந்து தனியா இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

"தட்டுலயாங்க பரவும்? காத்துல பரவுறது. தட்ட ஒதுக்கி வெச்சிட்டு, காரு கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ மாசமா இருக்கா. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தா," என்றாள்.

இந்த நோய்க்கென்றே இங்கே தனி நர்ஸ் இருக்கிறார்கள். எனக்கு வந்தவர் பெயர் ஹெலன், என்னைவிட மூத்தவர். என் இங்கிலீஷ் போதாது என்று போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்தார்கள். அவர் யாழ்ப்பாணத்து அம்மா. "இருமல் எப்ப துவங்கினது, ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார். என்னை யாரும் அப்படி ஐயா என்று கூப்பிட்டதில்லை. இந்தியாவில் வீடு எங்கே என்று ஹெலன் கேட்டார். குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவில் என்றேன். அந்த அம்மா அப்படியே மொழிபெயர்த்தார். ஹெலன் பேனாவை நிறுத்திவிட்டு, அங்கே எத்தனை வருடம் சிகிச்சையில் இருந்தீர்கள் என்று கேட்டார். அது ரயில்வே ஸ்டேஷன் என்று புரியவைக்க எங்கள் மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் ஆனது.

அடைத்த இடத்தில் என்னோடு அதிக நேரம் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். கலா, இனியா, ஷீபா. சோதித்துப் பார்த்ததில் கலாவுக்கும் இனியாவுக்கும் ஒன்றும் இல்லை. ஷீபாவுக்கு நோய் இருந்தது.

அன்று ஜெரால்டு போன் செய்தான். என்னை எப்போதும் கிண்டல் செய்து பேசும் பையன். அன்று கிண்டல் இல்லை.

"அண்ணா, தட்ட தனியா வெச்சிருந்தீங்களாமே. கலாக்கா சொல்லி ஷீபா அழுவுறா. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிதான் கீது."

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சும் ஏன்ணா அவள கார்ல ஏத்தினீங்க? வயித்துல புள்ள கீதுண்ணா." பிறகு, "எதுனா பேசுங்கண்ணா," என்றான்.

அவன் வைத்துவிட்டான்.

5

மாத்திரை ஆரம்பித்தேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று ஹெலன் முன்பே சொல்லியிருந்தார், இருந்தும் பயந்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னால் யாருக்கும் பரவாது என்றார்கள். அது டாக்டர்களுக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு யார் சொல்வது?

யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. கதவுப் பிடியில் பையை மாட்டிவிட்டு, காருக்குப் போன பிறகு போன் செய்வார்கள். சாம்பார், ரசம், ஒரு நாள் பிரியாணிகூட. எல்லாம் ஐஸ்கிரீம் வாங்கின பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது.

"டப்பா திரும்ப வேணாம் அண்ணா, தூக்கிப் போட்டுடுங்க."

அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் டப்பா திரும்ப வேண்டாம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கழுவித் தூக்கிப் போட்டேன்.

ஷீபாவின் டப்பா மட்டும் வீட்டில் இருந்தது. கடைசி நாள் எலுமிச்சை சாதம் கட்டி வந்தது. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். காலியாகக் கொடுக்க முடியாது, எங்கள் வீட்டில் எதையாவது போட்டுக் கொடுத்தால் அவர்கள் சாப்பிடுவார்களா? ஒவ்வொரு நாளும் அந்தச் சாய்ந்த 'பா' என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனதா? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் நானா? கலாவிடம் கேட்டேன். "தெரியாதுங்க. அத பாத்துச் சொல்லுவாங்க," என்றாள்.

அதை எப்படிப் பார்த்துச் சொல்ல முடியும் என்று எனக்குப் புரியவில்லை. கிருமி என்ன, பேர் வெட்டிய பாத்திரமா?

6

கிட்டத்தட்ட அப்படித்தான் என்று அடுத்த முறை ஹெலன் சொன்னதிலிருந்து தெரிந்தது. அன்று போனில் மொழிபெயர்க்கும் அம்மா கிடைக்கவில்லை, இனியாவைக் கூட்டிப் போயிருந்தேன். பதினேழு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "ஓகே ப்பா" என்று மாடிக்குப் போய்விடுவாள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த தமிழையெல்லாம் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"உங்க சளியிலேர்ந்து அத வளக்கறாங்க ப்பா. ரொம்ப ஸ்லோவா வளரும், அதான் லேட். அதுக்குள்ள லெட்டர்ஸ் இருக்கு. நாப்பது லட்சத்துக்கு மேல. எல்லாத்தையும் படிக்கறாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மிஷின் படிக்கும். ஒரு பாக்டீரியா ரெண்டா ஆகும்போது லெட்டர்ஸ காப்பி பண்ணும். எப்பயாவது ஒரு லெட்டர் தப்பாயிடும். அந்தத் தப்பு அப்புறம் வர்ற எல்லாத்துலயும் இருக்கும். உங்களோடதுலயும் வேற ஒருத்தரோடதுலயும் அதே தப்பெல்லாம் இருந்தா, சமீபத்துல ஒரே எடத்துலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம். நூத்துக்கணக்குல மாறியிருந்தா அது வேற."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. தள்ளி விழுந்த புள்ளி. எங்கள் கடையில் வெட்டியதா, வேறு கடையா. நான் அவளிடம் பேர் வெட்டும் வேலையைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவள் போனைப் பார்க்காமல் கேட்டாள். பிறகு ஹெலனிடம் அதை இங்கிலீஷில் சொன்னாள். ஹெலன் சிரித்துவிட்டு, இதை நான் மற்றவர்களுக்கும் சொல்லலாமா என்று கேட்டார். எந்த மாத்திரை கேட்கும், எது கேட்காது என்பதும் அந்த எழுத்துகளிலேயே தெரிந்துவிடுமாம்.

நாங்கள் கிளம்பும்போது ஹெலன் சொன்னதை இனியா இப்படிச் சொன்னாள்: "யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்க இல்லையாம் ப்பா. அடுத்து யாரைத் தேடிப் போகணும்னு தெரிஞ்சுக்கத்தானாம். மேட்ச் ஆனாலும் நீங்க வேணும்னு குடுத்ததில்லன்னு சொல்றாங்க."

அதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. இனியாதான் போனை எடுத்தாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ப்பா, உங்க பாக்டீரியாவுக்கு... எப்படிச் சொல்றது... இங்க சொந்தக்காரங்க யாரும் இல்ல."

"என்னம்மா?"

"இந்த ஊர்ல யாரோடதோடயும் சேரல. ரொம்பப் பழைய டைப்பாம். தூரத்து சொந்தமெல்லாம் சவுத் இந்தியா பக்கம்தான். நீங்க அங்க இருக்கும்போதே உள்ள வந்து, இத்தன வருஷம் தூங்கியிருக்கும்னு நினைக்கறாங்க."

"அப்ப ஷீபா?"

"மத்தவங்களப் பத்திச் சொல்லக்கூடாதாம். ஆனா யாரோடயும் சேரலன்னா என்ன அர்த்தம், நீங்களே யோசிங்க."

நான் பின்பக்கம் போய்த் துணி காயப்போடும் இடத்தில் நின்றேன். இனியாவும் வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு பேருமே பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மற்ற சமயத்தில் யாராவது ஒருவர் உள்ளே போய்விடுவோம்.

அடுத்த வாரம் ஷீபாவே போன் செய்தாள்.

"அண்ணா, என்னோடது உங்களது இல்லையாம். வேற யாரோடதோடயோ சேருதாம். நாங்க மொத தங்கினு இருந்த வூட்டப் பத்தியே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. இப்ப அங்க போய்ப் பாத்தா, ரெண்டு பேருக்கு கீதாம். அவங்களுக்கே தெரியாதாம். பாவம், அவங்களுக்கும் மாத்திர குடுக்கறாங்க."

"புள்ள எப்படி இருக்கு?"

"உதைக்கிறான். இந்த மாத்திரையால ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"ஜெரால்டு?"

"உங்ககிட்ட பேச வெக்கப்பட்டுகினு கீறாரு."

அதன்பிறகு குழந்தை பிறந்தது, ஆண், நல்லபடியாக. ரூபன் என்று பெயர் வைத்ததாகக் கலா வந்து சொன்னாள். நாங்கள் போகவில்லை, அவர்களும் வரவில்லை. நான் கூப்பிடவில்லை, ஜெரால்டும் கூப்பிடவில்லை. என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே. அவனுக்கும் அந்த விஷயத்தில் என் சுபாவம் வந்துவிட்டது.

7

மாத்திரை முடிந்த பிறகு ஊருக்கு வந்திருந்தோம். குமாரைக்கூட அப்போதுதான் பார்த்தேன். ஒரு நாள் இனியாவை மின்சார ரயிலில் தாம்பரத்துக்குக் கூட்டிப் போனேன். சானடோரியத்தில் வண்டி நின்றது. பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறினார், காலேஜ் பிள்ளைகள் இறங்கினார்கள். இனியா ஏதோ கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை.

"ப்பா, மூச்சு விடுங்க. முகம் செவந்து போச்சு."

எனக்கே தெரியாமல் பிடித்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"அவ்ளோ வருஷம் இங்க மூச்சப் பிடிச்சும் உள்ள வந்துடுச்சா?"

"இங்கேர்ந்தே வரலம்மா. கடையிலயோ, தியேட்டர்லயோ, பஸ்லயோ. எங்க மூச்சு விட்டேனோ அங்கேர்ந்து."

இறங்கிப் பழைய கடைக்குப் போனோம். முதலாளியின் மகன் இருந்தார். பேர் வெட்டும் மிஷின் ஒன்று வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று இனியா கேட்டாள். சும்மா என்றேன்.

இங்கே வந்ததும் ஷீபாவின் டப்பாவை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே ரூபன் என்று வெட்டினேன். வெட்டியும் மறுபடி அலமாரியில்தான் வைத்தேன்.

எனக்கு நோயைக் கண்டுபிடித்து, ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, கூடவே என் நெஞ்சில் இருந்த ஒரு கேள்விக்கும் பதில் தேடிக் கொடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. எங்கேயோ ஒரு அறையில், என் முகம் தெரியாத யாரோ, என் சளியில் வளர்ந்த கிருமியின் எழுத்தை ஒன்று விடாமல் படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். உங்களில் யாருக்காவது இருமல் நிற்காமல் இருந்தால் போய்ப் பார்த்துவிடுங்கள். தட்டை ஒதுக்க வேண்டாம், ஜன்னலைத் திறங்கள்.

8

மேலே உள்ளதை எழுதி முடித்தது நேற்று. இன்று ஞாயிறு. குமாருக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது வாசலில் மணி அடித்தது. திறந்தால் ஷீபா, இடுப்பில் பிள்ளை. பின்னால் ஜெரால்டு, நனைந்த குடையை மடக்குகிறேன் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, என் டப்பா எங்க? அம்மா சீர்ல குடுத்தது," என்றாள் ஷீபா, நேற்றுத்தான் கொடுத்த மாதிரி.

நான் எடுக்கப் போவதற்குள் கலா அதில் தேங்காய் சாதம் போட்டு மூடிவிட்டாள். ஷீபா வாங்கி மூடியைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"அண்ணா, 'ரூ'வுல ஒரு புள்ளி தள்ளி நிக்குது."

"கை பழக்கம் விட்டுப்போச்சும்மா."

ஜெரால்டு எட்டிப் பார்த்தான். "இருக்கட்டும், யாரு வெட்டினதுன்னு தெரியும்," என்றான். என்னைப் பார்த்து அல்ல, டப்பாவைப் பார்த்துத்தான் சொன்னான். பிறகு அதை அவள் கையிலிருந்து வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்து, நின்றபடியே ஒரு கை எடுத்துச் சாப்பிட்டான். "பசிக்குதுண்ணா," என்றான்.

உட்கார் என்றேன். உட்கார்ந்தான்.

கிளம்பும்போது ஷீபா, "நாளைலேர்ந்து மறுபடியும் வேலைக்கு வரேன். அந்த நேரத்துக்கு இப்பயும் பஸ் இல்ல," என்றாள்.

அனுப்புவதற்குள் திங்கட்கிழமையும் வந்துவிட்டது, அதையும் சேர்த்துவிடுகிறேன். ஷீபா காரில் ஏறினாள். இரண்டு பக்கமும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். வழியெல்லாம் குளிராக இருந்தது. அவள் பேசிக்கொண்டே வந்தாள்.